இறக்கிட்டுப் பாத்துக்கலாம்

பிரான்சிஸ் கையை விட்டதும் பொம்மை விமானம் ஒரு முழம் கீழே இறங்கியது. போச்சு, தரையில் மூக்கைத் தேய்க்கப் போகிறது என்று சிகாமணி முடிவே கட்டிய பிறகுதான், சரி ஒழியட்டும் என்று மனசு வைத்ததுபோல மேலே ஏறியது. பதினாலு மாதம் பரண்மேல் கிடந்த சாமான், கோபம் இருக்காதா. இடது கட்டைவிரல் ரிமோட்டின் குச்சியை முன்னால் தள்ளியபடி இருக்க, வலது கட்டைவிரல் யாரும் சொல்லாமலே தன் வேலையைப் பார்த்தது. இந்த விரலுக்கு மட்டும் எதுவும் மறக்கவில்லை, இதற்குத் துக்கமும் கிடையாது, வெட்கமும் கிடையாது என்று அவருக்கு அந்த விரல்மேலேயே எரிச்சலாக வந்தது. தண்ணீர் வற்றிப் பாளம் பாளமாக வெடித்த குளத்து மண், அதற்கு அந்தப் பக்கம் சீமைக்கருவேலங்காடு, அதற்கும் அப்பால் பைபாஸ் ரோட்டில் லாரிகள், கோயமுத்தூரின் ஞாயிற்றுக்கிழமை ஏழு மணி வெயில். காற்று சுத்தமாக இல்லை. அன்றைக்கும் இல்லை. “ஏறிருச்சு பாருங்க! நாஞ் சொன்னேன்ல, கை மறக்காதுன்னு,” என்று பின்னாலிருந்து பிரான்சிஸ் கத்தினார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிற மனுஷன், இருபது வருடச் சிநேகிதர், வாராவாரம் வீட்டு வாசலில் வந்து நின்று, இந்த வாரம் வந்தே ஆகணும் என்று கையைப் பிடித்து இழுத்து, கடைசியில் இன்றைக்கு ஜெயித்துவிட்டார். ஜெயித்த குஷியில் தன் விமானத்தை வந்ததும் வராததுமாகக் கருவேலங்காட்டுக்குள் கொண்டுபோய்ச் சொருகியும் விட்டார். “நீங்க ஓட்டிட்டிருங்க, நான் போயி என்ற பிளேன எடுத்துட்டு வந்தர்றேன்,” என்று தொரட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டிதான். மரத்தில் மாட்டிய விமானத்தை இறக்க அதைவிட நல்ல கருவியை இன்னும் எவனும் கண்டுபிடிக்கவில்லை. அவருடைய செருப்புச் சத்தம் தேய்ந்துபோனதும் வெளி முழுவதும் விமானத்தின் மோட்டார் சத்தம் மட்டும் இருந்தது. சிகாமணி தன் கையாலேயே செம்புக்கம்பி சுற்றிய மோட்டார். பம்ப் கம்பெனியில் முப்பது வருடம் மோட்டார் சுற்றிய கைக்கு, கட்டைவிரல் தடிமன் மோட்டார் ஒரு விளையாட்டு. ரிமோட் ஒரு தடவை கீச்சென்றது. ஒரு நிமிடம் ஆயிற்று. ஒரு பேட்டரிக்கு ஆறு நிமிடம். ஆறு நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றால் போதும், இறக்கி, துடைத்து, எல்லாவற்றையும் பிரான்சிஸ் கையிலேயே கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

கண்ணை எடுக்கக் கூடாது, அதுதான் இந்த விளையாட்டில் உள்ள ஒரே சங்கடம். வேறு எந்த வேலை செய்யும்போதும் மனுஷன் கொஞ்சம் தலையைக் குனிந்துகொள்ளலாம், மூக்கைச் சிந்தலாம், கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம். இதில் அண்ணாந்து பார்த்தபடியே நிற்க வேண்டும். அண்ணாந்து நிற்கிறவனுக்குக் கண்ணீர் காதுக்குள் இறங்கும் என்பது இன்றைக்குத்தான் தெரிகிறது. விமானம் ரோட்டுப் பக்கம் போய்ச் சிறுத்துவிட்டது. திருப்ப வேண்டும், திருப்பினார், அது திரும்பியதா இல்லையா? தூரத்தில் போனால் எல்லாம் ஒரு கறுப்புக் கோடு. வருகிறதா போகிறதா என்று தெரியாது. வருகிறது என்றால் இடது வலதாகிவிடும், வலது இடதாகிவிடும், கையைப் புத்திக்கு எதிராக அசைக்க வேண்டும். இதில்தான் முதல் இரண்டு விமானத்தைக் குப்பையாக்கினார். மூன்றாவது இது. தெர்மோகோல் தூளும் பசையுமாகக் கூடத்தில் உட்கார்ந்து இதை ஒட்டிக்கொண்டிருந்தபோது மனைவி வாணிதான் சொன்னாள், இடுப்பில் கைவைத்துக்கொண்டு, “ஏனுங்க, வருதா போகுதான்னே தெரியலீன்னு பொலம்பறீங்களே, அடியில செவப்புப் போடுங்க, மேல மஞ்சப் போடுங்க. சின்னக் கொழந்தைக்குக்கூடத் தெரியும்.” சொன்னதோடு நிற்கவில்லை. கரண்டு வேலைக்கு வைத்திருந்த சிவப்பு டேப்பை எடுத்து, அரிவாள்மனையில் பட்டை பட்டையாக நறுக்கி, இடது இறக்கையின் அடியில் அவளே ஒட்டினாள், கோலத்துக்குக் காவி இழுக்கிற அதே கவனத்தோடு, நாக்கைக் கடைவாயில் துருத்திக்கொண்டு. கடைசிப் பட்டை மட்டும் கோணலாகப் போய்விட்டது. உரிச்சு ஒட்டட்டுமா என்றாள். வேண்டாம், மேலே போனால் யாருக்குத் தெரியப் போகிறது என்றார். இப்போது அது திரும்பிவிட்டது, வயிற்றைக் காட்டிக்கொண்டு வருகிறது, சிவப்பு தெரிகிறது. வருகிறது, வருகிறது. அவள் போட்ட டேப் வருகிறது, அவள் வரமாட்டாள். இத்தனை தெளிவாகத் தெரிந்தபிறகும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் தலை திரும்புகிறதே, அதை என்ன செய்வது. கோணல் பட்டை இங்கிருந்து தெரியவில்லைதான். ஆனாலும் அது எந்த இடத்தில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

கேலி என்றால் வாணிக்கு வெல்லம். கோகிலவாணி என்று பெயர் வைத்தவர்கள் அவள் வாயைப் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும். அவளுக்கு இவர் ஏரோப்ளேன்காரர். பக்கத்து வீட்டில் பேசும்போதுகூட, எங்க ஏரோப்ளேன்காரரு இன்னும் தரையெறங்கலீங்க என்பாள். சண்டை என்று ஒன்று உருப்படியாக வந்தது சட்டியால்தான். இந்த பேட்டரிக்கெல்லாம் சார்ஜ் ஏறும்போது தீப்பிடிக்கிற குணம் உண்டு, மண்பாண்டத்துக்குள் வைத்து ஏற்றினால் ஆபத்தில்லை என்று யாரோ சொல்லப்போக, அவர் யோசிக்காமல் அவளுடைய மீன்குழம்புச் சட்டியை எடுத்துவிட்டார். இரண்டு வருடம் பழக்கி எடுத்த சட்டி. அவள் திறந்து பார்த்தபோது உள்ளே மூன்று பேட்டரி, முதுகில் ஒன்று இரண்டு மூன்று என்று நம்பர் எழுதி, வயர் வாலோடு. “நல்லா வெந்துருச்சுங்களா, பாத்துச் சொல்லுங்க, உப்புப் போடோணுமா?” என்று கேட்டுவிட்டு மூன்று நாள் பேசவில்லை. அப்புறம் சந்தைக்குப் போய் வேறு சட்டி வாங்கிக் கொடுத்தார். அவள் புதுச் சட்டியை அவருக்குத் தள்ளிவிட்டு, தன் பழைய சட்டியைத் தேய்த்துத் தேய்த்து மறுபடி வழிக்குக் கொண்டுவந்தாள். அந்தப் புதுச் சட்டியை நேற்றைக்குத்தான் பரணிலிருந்து இறக்கினார். ஒன்றாம் நம்பரும் மூன்றாம் நம்பரும் உப்பிப்போய்க் கிடந்தன, தொட்டாலே பயமாக இருந்தது. ஒன்றாம் நம்பர் ஒட்ட உறிஞ்சப்பட்டுக் கிடந்து செத்தது. மூன்றாம் நம்பர் முழுதாக நிரப்பப்பட்டு, எடுப்பார் இல்லாமல் வீங்கிச் செத்தது. இரண்டாம் நம்பர் மட்டும் அப்படியே இருந்தது, மொழுமொழுவென்று. அது ஏன் பிழைத்தது என்று விஷயம் தெரிந்தவனுக்குத் தெரியும். பாதியில் நின்ற பேட்டரிதான் கெடாமல் இருக்கும். இரண்டாம் நம்பரை அன்றைக்கு மூன்றாவது நிமிடத்தில் இறக்கினார், அதனால் பாதியில் நின்றது, அதனால் பிழைத்தது. யாராவது எதற்காகவாவது சிரிக்க வேண்டுமென்றால் இதற்குச் சிரிக்கலாம். நேற்று ராத்திரி முழுதாகச் சார்ஜ் ஏற்றி, இப்போது மேலே இந்த விமானத்தைத் தூக்கிக்கொண்டு பறப்பது அதே இரண்டாம் நம்பர்தான். கீச், கீச். இரண்டு நிமிடம்.

அந்த டப்பாவைப் பார்க்கக் கூடாது என்று காலையில் வண்டியை நிறுத்தும்போதே நினைத்துக்கொண்டார். பார்க்காமல் இருக்க முடியுமா, பிரான்சிஸ் எப்போதும்போல மடக்கு ஸ்டூலை விரித்து அதன்மேல் டப்பாவை வைத்து, தன் போனை உள்ளே போட்டு, மூடியும் போட்டுவிட்டார். இவர் போனைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டார். பிரான்சிஸ் அதைப் பார்த்தார். முறுக்கு டப்பா அது, எவர்சில்வர். மூடியில் வாணியின் அப்பா பெயர் ஊசிப்புள்ளியாக வெட்டியிருக்கும். சீரில் வந்தது. அதைக் குளத்துக்குக் கொண்டுவந்தவர் சிகாமணி, சட்டம் போட்டவரும் சிகாமணி. மூன்று வருடத்துக்கு முன்னால், இங்கே விமானம் விட வருகிற கூட்டத்தில் ஒருத்தன், ஒற்றைக் கையில் ரிமோட், மறுகையில் போன், யாரிடமோ வட்டச் செயலாளர் பதவியைப் பற்றி விவாதித்துக்கொண்டே விமானத்தைக் கொண்டுபோய் ஆடு மேய்க்கிற அம்மாவின் குடையைக் கிழித்தான். ஒரு சாண் தள்ளியிருந்தால் தலை. அன்றைக்கே சிகாமணி சொல்லிவிட்டார், இனிமேல் ரிமோட்டைக் கையில் எடுக்கிறவன் போனை டப்பாவில் போடணும், இறக்கின பிறகுதான் எடுக்கணும், கலெக்டரே கூப்பிட்டாலும் இதுதான். நல்ல சட்டம். இன்றைக்குக் கேட்டாலும் நல்ல சட்டம் என்றுதான் சொல்லுவார், அதில் என்ன தப்பு, யாருக்குக் கெடுதல். வாணிக்கும் தெரியும். “டப்பாவுக்குள்ள போட்டாச்சுன்னா உங்கள மனுசக் கணக்குல சேக்கக் கூடாதுங்க,” என்பாள். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கூப்பிடுவதே கிடையாது. ஒரு நாளும் கிடையாது. ஒரு நாளும் கூப்பிடாதவள் அன்றைக்குக் கூப்பிட்டாள், மூன்று தடவை கூப்பிட்டாள். ஏழு பதினொன்று, ஏழு பதிமூன்று, ஏழு இருபது. முதல் தடவை டப்பா ஸ்டூல்மேல் டர்ரென்று அதிர்ந்தபோது பிரான்சிஸ்தான் கேட்டார், “யார் போனுங்க அது?” சிகாமணி மேலேயிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார், “அடிக்கட்டும் விடுங்க, இறக்கிட்டுப் பாத்துக்கலாம்.” இரண்டாவது தடவை அடித்தபோது இறக்கிக்கொண்டிருந்தார். அப்படியொரு இறக்கம் அவர் வாழ்க்கையில் அமைந்ததில்லை, வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி, ஒரு துளி புழுதி கிளம்பவில்லை. பிரான்சிஸ் கைதட்டினார். அங்கேதான். அந்த இடத்தில்தான் ஒவ்வொரு தடவையும் வந்து கால் இடறுகிறது. இறக்கிவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்றவர் இறக்கிவிட்டுப் பார்த்தாரா? டப்பா பத்தடி தூரம். பத்தே அடி. காற்று இல்லை, வெயில் இன்னும் ஏறவில்லை, இப்படி ஒரு காலை வருடத்துக்கு இரண்டு கிடைத்தால் பெரிது, மனசு பொங்கிக்கொண்டு கிடந்தது. அவர் டப்பாப் பக்கம் போகாமல் பையைத் திறந்து இரண்டாம் நம்பர் பேட்டரியை எடுத்தார்.

மூன்றாவது தடவை அடித்தபோது அது பிரான்சிஸின் போன் என்று நினைத்தார். நினைத்தாரா, நினைத்துக்கொண்டாரா? இந்தக் கேள்வியை அவர் தனக்குத்தானே போட்டுப் போட்டு அது தேய்ந்துவிட்டது. பிரான்சிஸ் போய் மூடியைத் திறந்து பார்த்து, “சிகாமணி, உங்குளுதுங்க, வீடு,” என்றார். அப்புறம் இறக்கினார். திருப்பிக் கூப்பிட்டார், மணி போயிற்று, எடுக்கவில்லை. குளிக்கிறாள் என்று நினைத்தார். குளிக்கிறவள் ஒரு நிமிடத்துக்கு முன்னால் எப்படிக் கூப்பிட்டிருப்பாள் என்று ஏன் நினைக்கவில்லை? இறக்கையைக் கழற்றி, துணி சுற்றி, வண்டியில் வைத்துக் கட்ட எட்டு நிமிடம். ஆமாம், கழற்றினார், ஒவ்வொரு திருகாகக் கழற்றி அதற்குரிய குப்பியில் போட்டார், ஒன்றுகூடத் தொலையவில்லை. வீட்டுக்கு வந்தபோது சமையலறையில் அவள் ஒருக்களித்துக் கிடந்தாள், போன் கைக்கு எட்டுகிற தூரத்தில். ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன டாக்டர், எப்ப ஆச்சுன்னு சரியாச் சொல்ல முடியாதுங்க, முன்னாடியே கொண்டு வந்திருந்தாலும் எப்பிடின்னு சொல்ல முடியாதுங்க என்றார். எதையும் சொல்ல முடியாதவருக்கு அவ்வளவு பெரிய மேசை எதற்கு. மெட்ராசிலிருந்து மகள் தாரணி வந்து இறங்கி, அழுது முடித்து, மூன்றாம் நாள் ஒரே ஒரு தடவை கேட்டாள், “அம்மா கூப்பிட்டப்ப நீங்க எங்கப்பா இருந்தீங்க?” அவர், “வண்டி ஓட்டிட்டு வந்துட்டிருந்தேன் கண்ணு, கேக்கல,” என்றார். அவள் நம்பினாள். பெற்ற மகள் நம்பியது போதாதா என்றால் போதவில்லை. நம்பாமல் சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால் தேவலை. இரண்டாம் நம்பர் பேட்டரியைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் பிரான்சிஸ். அவர் இன்றுவரை அதைப் பற்றி வாயைத் திறந்ததில்லை, திறந்தால்கூடப் பரவாயில்லை, வாராவாரம் வந்து, ஒரு தடவை வாங்க, காத்தாட நிக்கலாம் என்று மட்டும் கூப்பிடுகிறார். ரிமோட் கீச்சென்றது, எத்தனை தடவை என்று எண்ணவில்லை. மூன்றாக இருக்கும்.

எதற்காகக் கூப்பிட்டாள்? அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். அது தெரிந்தால் போதும், அப்புறம் அவர் அழுதுகொள்வார், அடித்துக்கொள்வார், எப்படியோ ஆகட்டும். முதல் தடவை கூப்பிட்டபோதே வலித்ததா? ஏழு பதினொன்றுக்கே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, அந்த டப்பாவுக்குள் இருக்கிற மனுஷனை நம்பிக் கூப்பிட்டாளா? இல்லை வேறு ஏதாவதா, சும்மா ஒரு வீட்டுக் காரியமா? வெள்ளிக்கிழமை தோள்பட்டை இழுக்குதுங்க என்றாள். குடத்தத் தூக்குனா இழுக்காம என்ன செய்யும் என்றார். காரியம் முடிந்த பதினோராம் நாள், உறவெல்லாம் கிளம்பிப்போன பிறகு, அவர் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். யாரும் எதையும் ஒதுக்கிவைத்து விடக் கூடாது என்று அன்றைக்கே அதற்குப் பூட்டுப் போட்டு, சமைக்கிற ஏனம் எல்லாம் சித்தப்பா வீட்டிலிருந்து வரவழைத்து, அந்தப் பதினோரு நாளை ஓட்டியிருந்தார். துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்றார்கள் சனங்கள். அவர் தேடியது ஒன்றைத்தான். இல்லாத சாமானை. தயிர் இல்லையென்றால் வரும்போது தயிர் வாங்கிட்டு வாங்க என்று சொல்லக் கூப்பிட்டிருப்பாள். தயிர் இருந்தது, பூஞ்சை பூத்து. தேங்காய் இருந்தது, ஒரு மூடி துருவியும் துருவாமலும். கொத்தமல்லி கருகிக் கிடந்தது, கருகினாலும் இருந்தது. காப்பித்தூள், சர்க்கரை, வெங்காயம், கடுகு, புளி, சோப்பு. சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தார், முக்கால்வாசி இருந்தது. அடுப்பின்மேல் தோசைக்கல், பக்கத்தில் மாவுச் சட்டி கரண்டியோடு, மாவு பொங்கி வழிந்து காய்ந்து. எல்லாம் இருந்தது. ஒரு வீட்டில் எல்லாம் இருக்கிறதே என்று நெஞ்சடைத்து உட்கார்ந்த ஆள் அவராகத்தான் இருப்பார். ஒரு பச்சைமிளகாய் குறைந்திருந்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு அவர் பிழைத்திருப்பார். ஒன்றும் குறையவில்லை. அப்படியானால் அவள் வாங்கி வரச் சொல்லக் கூப்பிடவில்லை, அப்படியானால் வலிதான், ஏழு பதினொன்றுக்கே வலிதான். அதற்குப் பிறகு ஒன்பது நிமிடம் அவள் வலியோடு அந்தத் தரையில் இருந்து இரண்டு தடவை கூப்பிட்டாள், அவர் இங்கே வெண்ணெயாய் இறக்கினார்.

பருந்து. எங்கிருந்து வந்தது? இரண்டு பருந்து, ஒன்று மேலேயிருந்து விழுகிறது, இதைத் தன் இனம் என்று நினைத்ததோ எதிரி என்று நினைத்ததோ. அவர் விரல்தான் முதலில் பயந்தது, குச்சியைச் சாய்த்துவிட்டது. விமானம் குப்புறப் புரண்டு, மேலே மஞ்சள் கீழே சிவப்பு என்பது மாறி, வெயிலுக்கு நேரே போய்க் கறுத்துவிட்டது. வருகிறதா போகிறதா, வருகிறதா போகிறதா, வாணி, தெரியவில்லையே. விழட்டும் என்று ஒரு நொடி தோன்றியது. விழுந்து தூளாகட்டும், அன்றைக்கே இதைக் காலில் போட்டு மிதித்திருக்க வேண்டும், நன்றியில்லாதவன், பதினாலு மாதம் துணி சுற்றிப் பத்திரப்படுத்தி வைத்தானே. ஆனால் அடுத்த நொடி ஐயோ அதில் அவள் ஒட்டிய டேப் இருக்கிறதே என்று உயிர் துடித்தது. உலகத்தில் அவள் கைபட்டுக் கோணலாகிப் போனது என்று மிச்சம் இருப்பது அந்த ஒன்றுதான். எல்லாவற்றையும் பிரான்சிஸிடம் கொடுத்துவிடலாம், இறக்கையைக் கொடுக்க முடியாது. புகையாய்த் தெரிந்த கோட்டிலிருந்து சிவப்பு ஒரு கீற்று எட்டிப் பார்த்தது. இடது கீழே. அப்படியானால் வருகிறது. எதிர்ப்பக்கம் சாய்த்தார், நிமிர்ந்தது. பருந்து அலுத்துப்போய் விலகிற்று. அவருக்குச் சிரிப்பு வந்தது, பார்த்தியாடி உன் டேப்பு என்று சொல்ல வாய் திறந்தது. அப்போது முறுக்கு டப்பா டர்ரென்று அதிர்ந்தது.

அவர் போன் அவர் சட்டைப்பையில் இருக்கிறது, சும்மா இருக்கிறது. அது பிரான்சிஸின் போன், அது தெரியும், அதில் குழப்பம் ஒன்றும் இல்லை. பிரான்சிஸ் அங்கே, கருவேலங்காட்டு ஓரம், இத்தனூண்டாகத் தொரட்டியை உயர்த்தி நின்றுகொண்டிருக்கிறார், கூப்பிட்டால் கேட்காது. எவர்சில்வர் டப்பாவுக்குள் அந்தச் சத்தம் பல்லைக் கூசவைத்தது. ஆறு தடவை, ஏழு தடவை, நின்றது. அப்பாடா. யாரோ, கடைக்காரப் பையனாக இருக்கும், லென்சு வந்ததா வரவில்லையா என்று. ரிமோட் கீச்சிட்டது. நான்கா ஐந்தா? இறக்க வேண்டிய நேரம்தான். ஒரு சுற்றுச் சுற்றி, உயரம் குறைத்து, காற்றுக்கு எதிராக, காற்றேது, ரோட்டுப் பக்கமிருந்து கொண்டுவந்து, ஒன்றரை நிமிடத்தில் தரையில் வைத்துவிடலாம். டப்பா மறுபடி அதிர்ந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, ஸ்டூல்மேல் நகர்ந்து நகர்ந்து வந்தது. நின்றது. மூன்றாவது தடவை அடித்தது. “இறக்கிட்டுப் பாத்துக்கலாம்,” என்று யாரோ சொன்னார்கள். சொன்னது அவர் வாய்தான். அதே குரலில், அதே சாவதானத்தில், பக்கத்தில் யாருமே இல்லாத இடத்தில் அவரே சொன்னார். சொன்னது காதில் விழுந்ததும் ரிமோட்டைக் குனிந்து மண்ணில் வைத்தார். கட்டைவிரல் மட்டும் பழக்கதோஷத்தில், வைப்பதற்கு முன்னால், வேகத்தைக் குறைத்துவிட்டது. கண்ணை எடுத்தார். மேலே இருந்து கண்ணை எடுத்துக்கொண்டு பத்தடியையும் ஓடினார், ஐம்பத்தேழு வயதில், வேட்டி தடுக்க. மூடி இறுகியிருந்தது. நகத்தைக் கொடுத்து நெம்பினார், கட்டைவிரல் நகம் மடங்கியது, திறந்தது. முதுகுக்குப் பின்னால் தூரத்தில் பொத்தென்று ஒரு சத்தம் கேட்டது, காய்ந்த மண்ணில் தெர்மோகோல் உடைகிற சத்தம், பெரிய சத்தம் ஒன்றுமில்லை. திரும்பிப் பார்க்கவில்லை.

“ஏனுங்க, அதிசயமா எடுத்துட்டீங்க!”

பிரான்சிஸின் மனைவி ஸ்டெல்லா. குரலில் தூக்கம் போகவில்லை.

“நான் சிகாமணிம்மா.”

“அய்யோ அண்ணா, நீங்களா? அவருக்கு என்னாச்சுங்ண்ணா?”

“ஒண்ணுமில்லம்மா, நல்லாருக்காரு. பிளேன் மரத்துல மாட்டிக்கிச்சு, தொரட்டி எடுத்துட்டுப் போயிருக்காரு. நீ சொல்லும்மா. உனக்கு ஒண்ணுமில்லையே? எங்கியாச்சும் வலிக்குதா? சொல்லு, நான் இப்பவே வர்றேன்.”

“எனக்கென்னங்ண்ணா, நல்லாத்தான் இருக்கேன். ஏண்ணா இப்பிடி மூச்சு வாங்குது உங்களுக்கு?”

“மூணு தடவ அடிச்சியேம்மா.”

“அதுங்களா,” என்று அவள் சிரித்தாள். “எடுக்க மாட்டாருன்னு தெரியும்ணா. டப்பாவுக்குள்ள போட்டிருப்பாருன்னும் தெரியும். தெரிஞ்சேதான் அடிக்கறது. அவுங்க எடுக்காட்டி நம்ம கை சும்மா இருக்குதா? கெளம்பியாச்சுன்னா கல்லு வெக்கலாம்னு கேக்கத்தான், வேற ஒண்ணுமில்லீங்ண்ணா.”

சிகாமணி நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு அவர் வீட்டு அடுப்பின்மேலும் ஒரு கல் இருந்தது. பற்ற வைக்காத அடுப்பின்மேல் ஒரு தோசைக்கல், பக்கத்தில் மாவுச் சட்டி, கரண்டி அதற்குள்ளே. பதினாலு மாதமாக அந்தச் சமையலறையில் இல்லாத சாமானைத் தேடினாரே தவிர, இருந்த கல்லை அவர் பார்க்கவே இல்லை. வைத்தது அவள், பற்ற வைக்காமல் காத்திருந்தது அவள். ஏழு பதினொன்று அதுவாக இருக்கலாம். ஏழு பதிமூன்றும், என்னடா இந்த மனுசன் என்று சலித்துக்கொண்டு, அதுவாகவே இருக்கலாம். ஏழு இருபது அதுவாக இருந்திருக்காது. அந்த ஒன்று அவருடையது, அதை யாரும் வாங்கிக்கொள்ள முடியாது, அதோடு அவர் இருந்துகொள்வார். தாரணிக்கு அதைச் சொல்லிவிட வேண்டும், இரண்டாம் நம்பர் பேட்டரியையும் சேர்த்து, இன்றைக்கே. ஆனால் முதல் தடவை அவள் கூப்பிட்டபோது வலி இல்லாமல் இருந்திருக்கலாம், இடுப்பில் கைவைத்துக்கொண்டு, நல்லபடியாக, பசியோடு, ஏரோப்ளேன்காரர் தரையிறங்கியாச்சா என்று கேட்கத்தான் கூப்பிட்டிருக்கலாம். இவ்வளவு சின்ன விஷயமா, இதற்கு ஒரு வார்த்தை பதில் சொல்லியிருக்கக் கூடாதா என்று அவருக்கு விம்மி வெடித்தது. அண்ணாந்து பார்க்க வேண்டிய அவசியம் இப்போது இல்லாததால் கண்ணீர் நேராகவே விழுந்தது. கருவேலங்காட்டு ஓரத்தில் பிரான்சிஸ் ஒரு கையில் தன் விமானத்தோடு திரும்பி, நடுக்குளத்தில் உடைந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு, தொரட்டியைக் கீழே போட்டு ஓடிவந்துகொண்டிருந்தார்.

“அண்ணா? கேக்குதுங்களா? கல்லு வெக்கட்டுமா, வேண்டாமா?”

“வெய்யிம்மா,” என்றார். மறுபடி சொன்னார். “வெய்யி. இறக்கியாச்சு. இதோ கெளம்பியாச்சு.”

அவள் வைத்துவிட்டாள். அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.